இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இனியும் எதற்குக் காசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

செட்டிநாட்டுப் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், ஆத்தங்குடிக் கல் வார்க்கிறவர்கள், கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள், பனையோலைக் கொட்டான் முடைகிற மகளிர் குழுவினர், முகப்பும் வளவும் உள்ள பழைய வீடுகளை விருந்தினர் விடுதியாக நடத்துகிறவர்கள் எனப் பலரும் இன்று தங்களுக்கென இணையதளம் வைத்திருக்கிறார்கள். இத்தகைய சிறு தளங்களைப் பராமரித்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால், அவற்றில் அடிக்கடி காணும் ஒரு குறையைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன். நாம் தளத்தில் எழுதுவதை வழியில் எவரும் படிக்காமல் காத்து, தளம் உரியதுதான் என்று உறுதி சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழே பல தளங்களில் இல்லை. சிலவற்றில் இருந்து காலாவதியாகிவிட்டது. வேறு சிலவற்றில் ஆண்டுதோறும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கப்படுகிறது. இவற்றில் எதற்கும் இன்று அவசியம் இல்லை. இதே சான்றிதழைக் காசு வாங்காமல் தருகிற அமைப்புகள் ஏறத்தாழப் பத்தாண்டாக இயங்கி வருகின்றன. உலகெங்கும் கோடிக்கணக்கான தளங்கள் அவற்றையே நம்பி நடக்கின்றன. நம் பக்கத்துச் சிறு வணிகர்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஒரு தளத்தைக் கைபேசியில் திறந்து நாம் தட்டச்சு செய்யும் பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவை நேராகக் கடைக்காரரின் தளம் இயங்கும் கணினியான சர்வருக்குப் போய்விடுவதில்லை. விடுதியின் வைஃபை கருவி, இணைய இணைப்பு தரும் நிறுவனம், இடையில் உள்ள பல கணினிகள் என ஒவ்வொன்றாகக் கடந்துதான் போகின்றன. சான்றிதழ் இல்லாத தளத்தில் அவை எழுதியது எழுதியபடியே போவதால், வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம். படிப்பதோடு நில்லாமல் மாற்றவும் செய்யலாம். இது வெறும் அச்சம் அன்று. 2010 அக்டோபரில் வெளியான ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள், ஒரே வைஃபையில் இருக்கும் பிறருடைய ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளுக்குள் ஓரிரு சொடுக்கில் நுழைய முடியும் என்பதை எல்லோருக்கும் காட்டியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தளங்கள் முழுவதையும் மறையாக்கம் செய்வதில், அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி அனுப்புவதில், வேகம் காட்டியது அதன்பிறகுதான். நம் நாட்டிலேயே இணைய இணைப்பு தருவோர் சிலர், வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்துக்குள் விளம்பரத்தைச் செருகிய நிகழ்வுகள் முன்பு வெளிவந்திருக்கின்றன. தளத்தை நடத்துகிறவருக்கே தெரியாமல் அவருடைய விலைப்பட்டியலின் நடுவே வேறொருவரின் விளம்பரம் தோன்ற முடிந்தது என்றால், வழியில் கைவைக்க இடம் இருந்ததுதான் காரணம்.

இடையில் எவரும் படிக்க முடியாதபடி செய்தால் மட்டும் போதாது; மறுமுனையில் இருப்பவர் யார் என்பதும் உறுதியாக வேண்டும். இதை விளக்க, கடல்கடந்து கொண்டுவிற்கப் போன நம் முன்னோர், ஓரூரில் எழுதிய சீட்டுக்கு வேறூரில் பணம் கொடுக்க நடத்திய உண்டியல் முறையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ரங்கூனில் எழுதப்பட்ட ஓர் உண்டியலுக்குச் செட்டிநாட்டில் பணம் கிடைத்தது என்றால், எழுதிய கடையின் விலாசத்தை, அதாவது அதன் தொழிற்பெயரை, பணம் கொடுத்தவர் அறிந்திருந்தார், அல்லது அந்த விலாசத்துக்குப் பொறுப்பேற்ற வேறொரு கடையை அறிந்திருந்தார் என்பதே பொருள். சான்றிதழும் அவ்வாறே நம்பிக்கை பெறுகிறது. இணையப் பக்கங்களைத் திறக்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளிலும் கைபேசிகளிலும், ஏற்கத்தக்க சான்றளிப்பு அமைப்புகளின் பட்டியல் ஒன்று முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள அமைப்பு கையொப்பமிட்ட சான்றிதழை அவை கேள்வியின்றி ஏற்கின்றன. புதிய அமைப்பு ஒன்று எல்லாக் கருவிகளின் பட்டியலிலும் இடம்பெறப் பல ஆண்டுகள் ஆகும். இலவசச் சான்றிதழ்களில் முதன்மையான லெட்ஸ் என்க்ரிப்ட் தொடங்கப்பட்டபோது, ஏற்கெனவே அந்தப் பட்டியல்களில் இருந்த ஐடென்ட்ரஸ்ட் என்ற நிறுவனம் அதற்குக் குறுக்குக் கையொப்பம் இட்டுப் பொறுப்பேற்றது. அதனால்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாளிலேயே அதன் சான்றிதழ்கள் எங்கும் செல்லுபடியாயின.

1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற மறையாக்க முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு, சான்றிதழ் என்பது பெரும்பாலும் விலைக்கு வாங்கும் பொருளாகவே இருந்தது. வங்கிகளும் பெரிய வணிகத் தளங்களும் வாங்கின. பள்ளிக்கூடமும் நூலகமும் சிறு கடையும் அது தங்களுக்கானது அல்ல என்று விட்டுவிட்டன. அமெரிக்க உளவு அமைப்பின் பரந்த கண்காணிப்பை 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தியபின், மறையாக்கம் எல்லோருக்கும் உரியது என்ற குரல் வலுத்தது. அதே ஆண்டில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் பணியாற்றிய ஜோஷ் ஆஸ், எரிக் ரெஸ்கோர்லா ஆகியோரும், இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லியும், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேனும் முன்னின்ற முயற்சியில், இன்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அமெரிக்காவில் உருவானது. அதன் திட்டமாகிய லெட்ஸ் என்க்ரிப்ட் 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழ் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் சோதனைக் கட்டம் முடிந்தது. 2017 ஜூனில் 10 கோடியாவது சான்றிதழையும், 2020 பிப்ரவரியில் 100 கோடியாவது சான்றிதழையும் அது வழங்கியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், உலக அளவில் திறக்கப்படும் இணையப் பக்கங்களில் மறையாக்கம் பெற்றவற்றின் பங்கு 58 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காடாக உயர்ந்தது. கூகுள் 2014 முதல் தேடல் வரிசையில் பாதுகாப்பான தளங்களுக்குச் சிறிது முன்னுரிமை கொடுத்ததும், 2018 ஜூலை முதல் குரோம் உலாவி சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரையிட்டதும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தின என்றாலும், காசில்லாத சான்றிதழ் ஒன்று கையருகே இல்லாதிருந்தால் சிறு தளங்களால் அந்த நெருக்குதலைத் தாங்கியிருக்க முடியாது.

'காசு வாங்காமல் எப்படிக் கொடுக்கிறார்கள், உள்ளே ஏதோ இருக்க வேண்டும்' என்று நம் வணிகர்கள் கேட்கிறார்கள். முதல் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சான்றிதழ் என்பது சில வரிகள் கொண்ட ஒரு கோப்பு. அதைக் கணக்கிட்டுக் கையொப்பமிடக் கணினிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். விண்ணப்பத்தைப் பெறுவது, சரிபார்ப்பது, விற்பது, விளம்பரம் செய்வது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது ஆகிய மனித வேலைகளுக்கே முன்பு பணம் ஆனது. அந்த வேலை முழுவதையும் சர்வரும் சான்றளிப்பு அமைப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும்படி ஆக்மி என்ற வழிமுறையை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பினர் வகுத்தார்கள். 2019இல் அது எவரும் பின்பற்றத்தக்க பொதுத் தரமாகவும் வெளியிடப்பட்டது. 2017இல் 11 ஊழியர்களோடு ஆண்டுக்கு 26 லட்சம் டாலர் செலவில் 4.6 கோடித் தளங்களுக்குச் சேவை செய்த அந்த அமைப்பு, 2020 தொடக்கத்தில் 13 ஊழியர்களோடு ஏறத்தாழ 33.5 லட்சம் டாலர் செலவில் 19 கோடிக்கும் மேற்பட்ட தளங்களுக்குச் சேவை செய்தது. மொசில்லா, சிஸ்கோ, அகமாய் போன்ற நிறுவனங்களின் ஆதரவும் தனிமனிதர் நன்கொடையுமே அதன் வருவாய். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பெற்ற காரைக்குடியில், கொடையால் ஒரு பொதுப்பணி நிலைத்து நடக்கும் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சென்ற தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் என்னை அழைத்தார். கைமுறுக்கும் சீப்புச்சீடையும் மணகோலமும் அவரிடம் மொத்தமாக வாங்கும் கோலாலம்பூர் வாடிக்கையாளர் ஒருவர், 'ஆச்சி, உங்க பக்கத்தைத் திறந்தாலே எச்சரிக்கை வருது, பணம் அனுப்பலாமா வேண்டாமா?' என்று கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன். ஆண்டுச் சந்தாவுக்கு வாங்கிய சான்றிதழ் முடிந்திருந்தது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் ஊர் மாறிப் போய்விட்டதால் அதைப் புதுப்பிக்க ஆளில்லை. பழைய ரசீதை எடுத்துக் காட்டினார். தளத்தின் முகவரிப் பெயரான டொமைன், தளத்தைச் சர்வரில் வைத்திருக்க ஹோஸ்டிங், சான்றிதழுக்கு எஸ்.எஸ்.எல். என மூன்று வரிகள். மூன்றாவது வரியில் இருந்த தொகை முதல் இரண்டையும் சேர்த்ததற்குக் கிட்டத்தட்ட நிகராக இருந்தது. ஆனால், அவர் ஏற்கெனவே பணம் கட்டி வந்த ஹோஸ்டிங் கணக்கிலேயே இலவசச் சான்றிதழுக்கான வசதி இருந்தது. யாரும் அதை இயக்கி வைக்கவில்லை. இயக்கியவுடன் சர்வர் தானே விண்ணப்பித்தது. 'இந்த டொமைன் உன்னுடையது என்றால், நான் சொல்லும் எழுத்துத் தொடரை நான் சொல்லும் முகவரியில் வைத்துக் காட்டு' என்று சான்றளிப்பு அமைப்பு கேட்க, சர்வர் வைத்துக் காட்ட, அமைப்பு வெளியிலிருந்து வந்து பார்த்துச் சரி என்று கண்டு சான்றிதழை அனுப்பியது. நாங்கள் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்து, கோலாலம்பூரிலிருந்து எச்சரிக்கை போய்விட்டது என்று செய்தியும் வந்தது. ஆச்சி கேட்டது ஒன்றுதான்: 'அப்ப, இத்தனை வருசமாக் கட்டின காசு எதுக்குத் தம்பி?'

அந்தக் காசு சான்றிதழுக்கு ஆனது என்பதைவிட, அதை வாங்கி, பொருத்தி, முடியும் நாளை நினைவில் வைத்திருக்கும் வேலைக்கு ஆனது என்பதே உண்மை. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் தவறே இல்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் அதைப் பராமரிப்புக் கட்டணம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றின் பெயரைப் போட்டு ஆண்டுதோறும் வசூலிப்பதும், 'இலவசச் சான்றிதழ் போட்டால் தளம் கெட்டுவிடும்' என்று பயமுறுத்துவதும் தொழில் நேர்மை ஆகாது. சான்றிதழின் விலைக்கும் மறையாக்கத்தின் வலிமைக்கும் தொடர்பு இல்லை. பல்லாயிரம் ரூபாய்ச் சான்றிதழ் உள்ள தளத்திலும் இலவசச் சான்றிதழ் உள்ள தளத்திலும் நடக்கும் மறையாக்கம் ஒன்றேதான். அதன் உறுதி, சர்வரை எப்படி அமைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 'சான்றிதழ் கொடுப்பவர் நம் வாடிக்கையாளர் விவரத்தைப் படித்துவிடுவார்' என்பதும் தவறான அச்சம். மறையாக்கத்தைத் திறக்கும் தனித் திறவுகோல் சர்வரிலேயே உருவாகி அங்கேயே இருக்கிறது. சான்றளிப்பு அமைப்பின் கைக்கு அது போவதே இல்லை.

விலை கொடுத்து வாங்கும் சான்றிதழ்களில் நிறுவனத்தின் பெயரையும் பதிவு ஆவணங்களையும் சரிபார்த்துத் தரும் வகைகள் உண்டு என்பது உண்மைதான். அத்தகைய தளங்களுக்கு முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயரைத் தனியே காட்டி வந்த முறையை, பயனாளர்கள் அதைக் கவனிப்பதில்லை என்று கண்டு, 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டுவிட்டன. பலகாரக் கடைக்கும் விருந்தினர் விடுதிக்கும் அந்த வகையால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை.

அதிகாரமும் பணமும் உள்ள இடத்திலிருந்து வருவதாலேயே ஒரு சான்றிதழ் நம்பத்தக்கது ஆகிவிடாது என்பதையும் கடந்த காலம் காட்டியிருக்கிறது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழை உருவாக்கிவிட்டார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியோரை வேவுபார்க்க அது பயன்பட்டது. அந்த ஆண்டிலேயே நிறுவனம் திவாலானது. 2014 ஜூலையில் நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்தும் கூகுள் டொமைன்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது தெரியவந்து, அவை ரத்து செய்யப்பட்டன. லெட்ஸ் என்க்ரிப்டும் பிழைக்கு அப்பாற்பட்டது அன்று. 2020இல் அதன் மென்பொருளில் கண்டறியப்பட்ட ஒரு வழுவால் சுமார் 30 லட்சம் சான்றிதழ்கள் பாதிக்கப்பட்டன. அதை அந்த அமைப்பே முன்வந்து வெளியிட்டு மாற்று ஏற்பாடுகளைச் செய்தது. எந்த அமைப்பு எந்தச் சான்றிதழை வழங்கினாலும் அதைப் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 2018இல் குரோம் கட்டாயமாக்கியபின், திருட்டுத்தனமாக ஒரு சான்றிதழை உருவாக்கி மறைத்து வைப்பது மிகவும் கடினமாகிவிட்டது. நம் டொமைன் பெயரில் யாராவது சான்றிதழ் பெற்றிருக்கிறார்களா என்பதை அந்தப் பதிவேட்டில் எவரும் காசின்றித் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

இலவசச் சான்றிதழைக் குறைகூறுவோர் முதலில் எடுத்துவைப்பது அதன் ஆயுளைத்தான். 90 நாள்தான் செல்லும், நமக்கு ஆண்டுக் கணக்கில் வேண்டும் என்பார்கள். தனித் திறவுகோல் திருடு போனாலும் கேடு நீண்ட நாள் நீடிக்கக் கூடாது, புதுப்பிக்கும் வேலையை மனிதரிடம் விடாமல் இயந்திரத்திடம் விட வேண்டும் என்ற இரண்டு காரணங்களுக்காகவே அந்தக் கால அளவு வைக்கப்பட்டது. இப்போது மொத்தத் துறையும் அந்த வழிக்கே வந்துகொண்டிருக்கிறது. உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பு அமைப்புகளும் கூடி முடிவெடுக்கும் மன்றம் 2025 ஏப்ரலில் செய்த தீர்மானத்தின்படி, பணம் கொடுத்து வாங்கியதோ இலவசமோ, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் எந்தச் சான்றிதழுக்கும் உச்ச ஆயுள் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதாவது, ஒருமுறை வாங்கிப் பொருத்திவிட்டு ஓராண்டுக்கும் மேலாக மறந்திருக்கலாம் என்ற வசதி எவருக்கும் இனி இல்லை. இதை அறியாமல் இன்னமும் கையால் பொருத்தித் தரும் ஏற்பாட்டில் இருக்கும் தளங்கள், ஆண்டுக்குப் பலமுறை ஆளைத் தேட வேண்டிவரும். அதுவும் தீபாவளி, பொங்கல், திருமண மாதங்கள் என்று பார்த்து வராது. ஆகவே காசு மிச்சம் என்பதைவிட, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு என்பதே இலவசச் சான்றிதழின் பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்.

அந்த ஏற்பாட்டையும் கண்மூடி விட்டுவிடக் கூடாது. சான்றிதழ் முடியப்போகிறது என்று மின்னஞ்சலில் நினைவூட்டி வந்த சேவையை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. டொமைனை வேறு சர்வருக்கு மாற்றினாலோ, யாராவது அமைப்பில் கைவைத்தாலோ புதுப்பித்தல் ஓசையின்றி நின்றுபோகும். பொதுவாக 30 நாள் மீதமிருக்கும்போதே புதுப்பித்தல் நடந்துவிடும் என்பதால், முடியும் தேதி மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டதென்றால் எங்கோ கோளாறு என்று பொருள். பழைய கைபேசிகளைப் பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைபேசிகளின் பட்டியலில் லெட்ஸ் என்க்ரிப்டின் மூலச் சான்று இல்லை. அவற்றுக்காக வைத்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. வீட்டில் பெரியவர்கள் கையில் அப்படிப்பட்ட கைபேசி இருந்து எச்சரிக்கை வந்தால், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால், அந்தக் கைபேசியில் இயங்கும் அதன் பதிப்பு இருந்தால் அதில் திறந்து பார்க்கலாம்.

வாடிக்கையாளராக இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. சான்றிதழ் இருக்கிறது என்றால், நாம் தட்டச்சு செய்த முகவரியில் உள்ள தளத்தோடுதான் பேசுகிறோம், இடையில் எவரும் படிக்கவில்லை என்ற அளவுக்கே உறுதி. அந்தத் தளத்தை நடத்துகிறவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது. விலாசம் சரியாக இருந்தும் வாங்கிய கடனைத் திருப்பாத கடைகள் அந்தக் காலத்திலும் உண்டு. புகழ்பெற்ற விடுதியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி டொமைன் வாங்குகிற மோசடிக்காரரும் அந்த டொமைனுக்கு முறைப்படி இலவசச் சான்றிதழ் பெற முடியும், பெறுகிறார்கள். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிறவர்கள் தங்குமிடம் தேடி இணையத்தில் முன்பணம் கட்டும் இந்தக் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூட்டுச் சின்னத்தைப் பார்த்தாலே நம்பிப் பணம் கட்டலாம் என்று நாமே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில், அந்தச் சின்னத்தின் பொருளைச் சரியாக அறிந்திருந்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. அதனாலேயே 2023 செப்டம்பரில் குரோம் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னத்தை வைத்தது. சான்றிதழ் இல்லை என்றால் அந்தத் தளத்தில் எதையும் எழுதாதீர்கள். இருக்கிறது என்றால் டொமைன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிகளைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி அவற்றின் தளங்கள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற 2025 அக்டோபர் 31 கடைசி நாளாக வைக்கப்பட்டது. வேறு முடிவோடு வரும் வங்கி இணைப்பு எதையும் ஐயத்தோடு பார்ப்பது நல்லது. பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இணையத்தின் இவ்வளவு பெரிய பகுதி ஒரே ஒரு தொண்டு அமைப்பை நம்பியிருப்பது சரியா என்று விவரமறிந்தவர்கள் கேட்கக்கூடும். கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஆக்மி பொதுத் தரம் என்பதால், கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ், ஜீரோ எஸ்.எஸ்.எல். போன்ற பிற அமைப்புகளும் அதே வழியில் இலவசச் சான்றிதழ் தருகின்றன. சர்வர் அமைப்பில் ஒன்றிரண்டு வரிகளை மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். விற்பனையாளரிடம் சிக்கிக்கொண்ட தளத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

தளம் வைத்திருப்போர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சிபேனல் போன்ற நிர்வாகப் பலகை தரும் ஹோஸ்டிங் என்றால் தானியங்கிச் சான்றிதழ் வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். தனி சர்வர் என்றால் சர்ட்பாட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். ஹோஸ்டிங் நிறுவனம் இலவசச் சான்றிதழை வேண்டுமென்றே தடுத்து வைத்து விலைச் சான்றிதழைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், சந்தா முடியும்போது வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள். மாற்றுவது கடினமான வேலை அன்று. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. எங்கள் பக்கத்தில் பல கடைகளின் டொமைன், தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்கிறது. கடையின் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதி வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். டொமைனுக்கு மட்டும் கேட்காமலே சம்மதித்துவிடுகிறார்கள். இன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோயில், பள்ளி, நூலகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் தளங்களில் நன்கொடைப் படிவமும் மாணவர் விவரமும் கேட்கப்படுகின்றன. அவை சான்றிதழ் இன்றி இருப்பதற்குப் பணமில்லை என்ற காரணத்தை இனிச் சொல்ல முடியாது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. கணினித் துறை மாணவர்களைக் கொண்டு பண்டிகைக் காலத்துக்கு முன்பாக ஒரு முகாம் நடத்தி, வட்டாரச் சிறு வணிகர்களின் தளங்களைச் சரிபார்த்துத் தானாகப் புதுப்பிக்கும் சான்றிதழைப் பொருத்தித் தரலாம். மாணவர்களுக்கும் பாடத்தில் படித்த மறையாக்கத்தை உண்மையான சர்வரில் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். தொழில்வணிகக் கழகம் போன்ற அமைப்புகள் இடம் கொடுத்தால் என்னைப் போன்று இத்தொழிலில் இருப்பவர்கள் கூட வந்து உதவத் தயாராக இருக்கிறோம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் இதற்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியவை இரண்டே: ஹோஸ்டிங் கணக்குக்குள் நுழையும் விவரமும், டொமைன் பதிவான மின்னஞ்சல் முகவரியைத் திறக்கக்கூடிய கைபேசியும்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
காரைக்குடி.